எதிரில் நிற்க ஒருத்தி

அன்புள்ள சகோதரிக்கு,

உறையின் மேல் குஜிலியம்பாறை என்று பார்த்ததும் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுடையதை முதலில் பிரித்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, தூங்கப் போகுமுன் எழுதியதாகச் சொல்லியிருந்தீர்கள். பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. பதிலை மட்டும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இதே கேள்வியோடு நம் வட்டாரத்தில் இன்னும் பல அம்மாக்கள் இருப்பார்கள்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளை ஃபென்சிங்கில் சேர்க்கலாமா என்று விளையாட்டு டீச்சர் கேட்டு அனுப்பியிருக்கிறார். தோட்டத்தைச் சுற்றிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுப்பதைத்தான் நம் பக்கம் ஃபென்சிங் என்போம். அது வாள்சண்டை என்று மகள் விளக்கியதும் உங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. கண்ணில் பட்டால்? முகத்தில் தழும்பு விழுந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? செலவு என்ன ஆகும்? இத்தனையும் கேட்டுவிட்டு, கடைசி வரியில் இப்படி முடித்திருந்தீர்கள்: "ஒலிம்பிக்குக்குப் போன அந்த மெட்ராஸ் பிள்ளையே தோத்துட்டுத்தானே வந்துச்சு. எம்பிள்ளை போய் என்ன செய்யப்போகுது?"

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

2021 ஜூலை 26. டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் சேபர் போட்டி; சேபர் என்பது வாள்வீச்சில் ஒரு வகை. சென்னையின் சி.ஏ. பவானி தேவி முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாடியா பென் அஜீசியை 15-3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மானோன் புரூனேயிடம் 7-15 என்று தோற்றார். அந்த புரூனேதான் அன்று வெண்கலம் வாங்கியவர். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலிருந்தே வாள்வீச்சு உண்டு. பவானி ஏறும்வரை அந்த மேடையில் இந்தியர் ஒருவர்கூட ஏறியதில்லை. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் முதல் ஆள், முதல் வெற்றி. அன்றைக்கே அவர் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

அந்தப் பெண் எங்கிருந்து வந்தார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அப்பா கோயில் அர்ச்சகர். அம்மா ரமணி வீட்டைப் பார்த்துக்கொண்டவர். முருக தனுஷ்கோடி பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படித்தபோது, 2004ஐ ஒட்டிய காலத்தில், விளையாட்டில் சேரப் பெயர் கொடுக்கப் போயிருக்கிறார். மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது வாள்வீச்சு. இது காசு உள்ளவர்கள் ஆட்டம் என்று சொல்லி அப்பாவின் வருமானத்தைக் கேட்டார்களாம். சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்து கூட்டிச் சொன்னதாக அவரே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு ஆசை.

பயிற்சிக்கு வாள் கிடையாது. மூங்கில் குச்சிதான். வெளிநாட்டிலிருந்து வந்த வாள் உடைந்தால் மறுபடி வாங்க வழியில்லை என்பதால் அதைப் போட்டிக்கு மட்டும் எடுப்பார்கள். பதினான்கு வயதில் துருக்கியில் முதல் சர்வதேசப் போட்டி. 3 நிமிடம் தாமதமாகப் போனதற்குக் கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் கேரளத்தின் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்துக்குப் போய்விட்டார். மகள் போட்டிகளுக்குப் போக அம்மா நகையை அடகு வைத்தார். அடகு வைப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2017இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் நடந்த உலகக் கோப்பை சாட்டிலைட் போட்டியில் தங்கம். 2018இல் கான்பெராவிலும், 2022இல் லண்டனிலும் காமன்வெல்த் வாள்வீச்சில் தங்கம். நீங்கள் 'தோத்துட்டு வந்துச்சு' என்று எழுதிய டோக்கியோவுக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 2023 ஜூனில், சீனாவின் வூசி நகரில் ஆசிய வாள்வீச்சுப் போட்டி நடந்தது. அதில் ஜப்பானின் ஒசாகி செரியை 15-11 என்று வென்று காலிறுதிக்கு வந்தார். எதிரில் நின்றவர் நடப்பு உலகச் சாம்பியன், ஜப்பானின் எமுரா மிசாகி. அவரையும் 15-10 என்று வென்றார். அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஜைனாப் தயிபெகோவாவிடம் 14-15. ஒரே ஒரு புள்ளி. வெண்கலம் கிடைத்தது. ஆசிய வாள்வீச்சுப் போட்டியில் இந்தியா வாங்கிய முதல் பதக்கம் அது.

இவ்வளவு பெருமையும் சொன்ன பிறகு, என்னை உறுத்துகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே இவ்வளவு நீளுகிறது.

அதே 2023இல் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்கள் சேபரில் இந்தியாவிலிருந்து போனவர் பவானி ஒருவர்தான். காலிறுதியில் சீனாவின் ஷாவோ யாச்சியிடம் 7-15 என்று தோற்றார். அரையிறுதிக்கு வந்திருந்தாலே பதக்கம். தனிநபர் போட்டி முடிந்த பிறகு அணிப்போட்டி வரும். அதற்கு நம் நாட்டிலிருந்து சேபர் அணி போகவில்லை. உலகச் சாம்பியனை வென்ற பெண் நம்மிடம் இருந்தார். அவரோடு தோள் சேர்ந்து நிற்க இன்னும் மூன்று பேர் அங்கே இல்லை.

அணிப்போட்டி எப்படி நடக்கும் என்று தெரிந்தால் இதன் வலி புரியும். ஓர் அணிக்கு மூவர், கூடவே ஒரு மாற்று ஆள். நம் மூவரில் ஒவ்வொருவரும் எதிரணியின் மூவரோடும் ஆட வேண்டும். ஆக 9 ஆட்டம். முதல் ஆட்டம் 5 புள்ளி வரை, அடுத்தது 10 வரை, அப்படியே 45 வரை. புள்ளிகள் தொடர்ந்துகொண்டே போகும். ஒருத்தி விட்ட இடத்திலிருந்து அடுத்தவள் பிடிக்க வேண்டும். முன்னால் ஆடியவள் பின்தங்கியிருந்தால், பின்னால் வருபவள் தன் 5 புள்ளியோடு அவள் விட்டதையும் சேர்த்து எடுக்கலாம்.

2024 ஆகஸ்ட் 3, பாரிஸ் ஒலிம்பிக். பெண்கள் சேபர் அணி இறுதிப்போட்டியில் உக்ரைனும் தென்கொரியாவும். 8 ஆட்டம் முடிந்தபோது கொரியா 40, உக்ரைன் 37. கடைசி ஆட்டத்துக்கு உக்ரைனின் ஓல்ஹா கார்லான் வந்தார். 8 புள்ளி எடுத்து, எதிராளிக்கு 2 மட்டும் விட்டுக்கொடுத்து, 45-42 என்று தங்கத்தைக் கொண்டுபோனார். சொந்த நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. எல்லோரும் கார்லானைக் கொண்டாடினார்கள்; கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் 37 வரைக்கும் அந்த அணியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்த மற்றப் பெண்கள் இல்லையென்றால் அவருடைய 8 புள்ளிக்கு வேலையே இல்லை.

வெள்ளி வாங்கிய கொரியாவை இன்னும் கொஞ்சம் பாருங்கள். 2012 லண்டனில் கிம் ஜி-யோன் என்ற பெண் சேபரில் தனிநபர் தங்கம் வாங்கினார். அதற்கு முன் ஆசியப் பெண் யாரும் ஒலிம்பிக் சேபரில் தங்கம் வாங்கியதில்லை. அவர்களுக்கும் சேபரில் ஒலிம்பிக் பதக்கம் ஒருத்தியோடுதான் தொடங்கியது. ஆனால் அவர்கள் அந்த ஒருத்தியோடு நிற்கவில்லை. டோக்கியோவில் கிம் உள்ள அணி வெண்கலம் வாங்கியது. பாரிஸ் வந்தபோது கிம் இல்லை. டோக்கியோவில் நின்ற நால்வரில் யூன் ஜி-சு மட்டும்தான் மிச்சம். மற்ற மூவரும் புதியவர்கள். மூன்று பேர் மாறியும் பதக்கம் வெண்கலத்திலிருந்து வெள்ளிக்கு ஏறியது. ஓர் அணி எழுந்து வருவது என்றால் இதுதான். முன்னால் போனவள் நகர்ந்தால் அந்த இடத்தில் வந்து நிற்க பின்னால் பிள்ளைகள் இருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் அதற்கான அறிகுறி இல்லாமல் இல்லை. 2012இல் ஜெர்சி தீவில் நடந்த காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியில் பவானி இடம்பெற்ற இந்திய அணி வெள்ளி வாங்கியது. ஹாங்சோவில் எப்பே என்ற இன்னொரு வாள்வகையில் தனிக்‌ஷா கத்ரி, ஈனா அரோரா, ஜோதிகா தத்தா, யஷ் கீரத் கவுர் என்று நான்கு பெண்கள் அணியாகப் போனார்கள். காலிறுதி வரை வந்து, அந்த முறை தங்கம் வென்ற தென்கொரியாவிடம் தோற்றார்கள். பவானியின் பதக்கங்கள் பத்திரிகைகளில் பெரிதாக வந்தன. இந்த நால்வரின் காலிறுதி ஓரத்தில் ஒரு பத்திச் செய்தியாக வந்தது. எனக்கு அந்தக் காலிறுதி ஒரு தனிநபர் பதக்கத்துக்குச் சமம்.

ஒலிம்பிக் விதியும் அணியைத்தான் முன்னால் வைக்கிறது. ஓர் அணி தகுதி பெற்றால் அந்த நாட்டின் மூன்று பெண்களுக்குத் தனிநபர் போட்டியிலும் இடம் கிடைத்துவிடும். அணி தகுதி பெறாத நாட்டுப் பெண் மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு இடத்துக்குத் தரவரிசையோடு மல்லுக்கட்ட வேண்டும். பவானி டோக்கியோவுக்குப் போனதே அப்படித்தான். 2021 மார்ச்சில் புடாபெஸ்டில் தென்கொரிய அணி ஹங்கேரி அணியை வென்றது. அதனால் ஆசியப் பகுதிக்கு ஓர் இடம் திறந்தது. தரவரிசையில் 45ஆவது இடத்தில் இருந்த பவானிக்கு அது கிடைத்தது. வேறொரு நாட்டுப் பெண்கள் ஆடிய ஆட்டம் நம் பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டது. 2024 பாரிஸில் அந்தக் கதவு திறக்கவில்லை. பவானியால் தகுதி பெற முடியவில்லை.

அவர் ஏன் இத்தாலியின் லிவோர்னோவுக்குப் போய் நிக்கோலா ஜனோட்டி என்ற பயிற்சியாளரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கினார்? நல்ல ஆசான் ஒரு காரணம். இன்னொன்று, அங்கே எதிரில் நிற்க ஆள் உண்டு. ஓட்டப்பந்தயக்காரி தனியாக ஓடிப் பழகலாம். நீளம் தாண்டுகிறவள் தனியாகத் தாண்டலாம். வாள்வீச்சை அப்படித் தனியாகப் பழக முடியாது. சேபரில் இரண்டு பேரும் 4 மீட்டர் தள்ளி நின்று, நடுவர் சொன்னதும் பாய்வார்கள். கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு புள்ளி முடிந்துவிடும். யார் முதலில் தாக்க முனைந்தது, யார் தடுத்தது என்பதை வைத்துத்தான் புள்ளி. எதிராளியின் தோள் அசைவதைப் படிக்கத் தெரிய வேண்டும். அதை ஓர் உயிருள்ள ஆளிடமிருந்துதான் படிக்க முடியும். 2020இல் ஊரடங்கில் வீட்டிலேயே அடைபட்டிருந்தபோது பவானி தன் வாள்பையை எதிராளியாக நிறுத்திப் பழகினார். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

எனக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை, சகோதரி. எங்கள் வீட்டில் அண்ணன் சிலம்பம் கற்றான். களத்துமேட்டில் சாயங்காலம் வாத்தியார் வருவார். பையன்களுக்கு மட்டும்தான். நான் தண்ணீர்க் குடத்தோடு ஓரத்தில் நின்று காலடி வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் பழக ஆள் வேண்டும். என் கையில் ஒரு கம்பைக் கொடுப்பான். நிலா வெளிச்சத்தில் முருங்கை மரத்தடியில் இரண்டு பேரும் மோதுவோம். அவன் இடது பக்கம் வீசப்போகிறான் என்றால் வலது குதிகால் முதலில் எழும்பும். அதைக் கண்டுபிடித்து நான் தடுத்துக்கொண்டே இருந்ததால்தான் அவன் அந்தப் பழக்கத்தை விட்டான். தொடுமுறைப் போட்டியில் கோப்பை வாங்கி வந்தான். வயதுக்கு வந்த பிறகு என் கம்பு பரணுக்குப் போனது. அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவனுக்கும் அதன்பிறகு எதிரில் நிற்க ஆள் இல்லாமல் போனது. ஒரு வருடத்தில் அவனும் விட்டுவிட்டான். ஒரு பெண்பிள்ளையை உட்காரவைத்தால் ஒருத்தியோடு போவதில்லை என்று அன்றைக்கே பார்த்தேன்.

இனி உங்கள் மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன்.

காயம். வாள் என்று சொல்கிறோமே தவிர அதில் கூர் கிடையாது. சேபர் அரைக் கிலோவுக்குள் இருக்கும், வளைந்துகொடுக்கும் எஃகு. தொட்டாலே போதும், சிலம்பத் தொடுமுறை மாதிரிதான். மேலே போடும் உடுப்பில் உலோக இழை ஓடுவதால், வாள் பட்டதும் மின்சாரத்தில் விளக்கு எரியும். முகத்தை முழுக்க மூடும் கம்பிவலைக் கவசம் உண்டு. சர்வதேசப் போட்டி உடுப்பு 800 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். ஏறக்குறைய 80 கிலோ எடை ஒரே இடத்தில் அழுத்துவது போல. பெண்கள் மார்புக் கவசமும் கட்டாயம் அணிய வேண்டும். கன்றிப்போன இடம் ஒன்றிரண்டு கையில் இருக்கும். கணுக்காலும் முட்டியும் பிசகலாம். கபடியில் அது இல்லையா? ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கவசம் இல்லாமல் உண்மையான வாளை எடுக்கவே கூடாது என்று டீச்சரிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

செலவு. மறைக்க மாட்டேன், இது செலவு பிடிக்கும் ஆட்டம்தான். ஆனால் அது முதல் வருடத்தில் இல்லை. முதலில் காலடிதான், முன்னே, பின்னே, பாய்ச்சல். அதற்கு ஒரு ஜோடி ஷூவும் சிமெண்டுத் தரையும் போதும். பள்ளிக் கல்வித் துறையின் புதிய விளையாட்டுகள் பட்டியலில் சிலம்பம், ஜூடோவோடு வாள்சண்டையும் இருக்கிறது. பள்ளியிலோ மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலோ கருவி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். கடன் வாங்கி வாள் வாங்காதீர்கள். நகையைத் தொடவே தொடாதீர்கள். அந்த முடிவுக்கு வர வேண்டிய காலம் இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது. வராமலும் போகலாம்.

எதிர்காலம். விளையாட்டில் சாதித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுக்கு இடம் இருக்கிறது. பவானி மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடினார். இதெல்லாம் உறுதி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நம் ஊர் முச்சந்தியில் விடியற்காலையில் வந்து நிற்கிற மில் வேனில் ஏறுவதற்கு முன்னால், உங்கள் மகள் ஏறிப் பார்க்க இன்னொரு வண்டியும் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

பெண் கேட்டு வருகிறவர்கள் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். மகளுக்கு நொட்டாங்கைப் பழக்கம், சோற்றுக்கைக்கு மாற்றவே படாத பாடு பட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். சாப்பாட்டுக்கு மாற்றியது மாற்றியதாக இருக்கட்டும். வாளை இடது கையில் பிடிக்க விடுங்கள். வாள்வீச்சில் இடது கைக்காரர்கள் சொத்து. பெரும்பாலானவர்கள் வலது கைக்காரர்களை எதிர்த்தே பழகியிருப்பார்கள். இடது கை வந்து நின்றால் கோணமெல்லாம் மாறித் தடுமாறுவார்கள். டீச்சர் அதைக் கவனித்துத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் பெரிய போட்டிக்குப் போகாவிட்டாலும், அந்தப் பள்ளியில் வலது கையால் ஆடுகிற ஒவ்வொரு பிள்ளையும் ஓர் இடது கைக்காரியை எதிர்த்துப் பழகியிருப்பாள்.

பக்கத்து வீட்டில் அதே வகுப்பில் படிக்கும் பிள்ளை, 'நீ சேர்ந்தா நானும் சேர்றேன்' என்று சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அவள் அம்மாவும் உங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருப்பார். இந்தக் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் அனுப்புங்கள். முதல் வாரம் முடிந்ததும் எப்படிப் போகிறது என்று எனக்கு ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் அக்கா